விதையின் அளவைப் பார்த்துக் களையைக் கட்டுப்படுத்துவது எப்படி

சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் ஒரு சமூகத் தோட்டம் இருக்கிறது. அங்கே புதிதாகப் பாத்தி எடுக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக, "அக்கா, இந்தக் களைக்கு என்ன அடிக்கலாம்?" என்பதுதான். நான் மருந்து எதுவும் சொல்வதில்லை. "பிடுங்குன செடியில விதை இருந்தா எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்பேன். விதை எள்ளைவிடச் சின்னதா, பெரியதா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். களையின் பெயர்கூடத் தேவைப்படாது.

விதைக்குள் இருக்கும் உணவுதான் முளையின் கட்டுச்சோறு. வெளிச்சம் படும்வரை அதை வைத்துக்கொண்டுதான் முளை மண்ணைத் தள்ளி மேலே வர வேண்டும். விதையின் எடை எட்டு மடங்கானால், அது ஏறி வரக்கூடிய ஆழம் சுமார் இரண்டு மடங்காகும். ஒரு மில்லிகிராம் விதை தோராயமாக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து வரலாம். அதில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள விதையால் மேல்மண்ணை விட்டு விலகிப் பிழைக்க முடியாது.

அதனால் சின்ன விதைகள் பலவற்றுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் குணம் வந்திருக்கிறது. ஆழத்தில் கிடந்தால் முளைக்காது, சாகவும் சாகாது, அப்படியே தூங்கும். பெரிய விதை நேர்மாறு. ஆழத்திலிருந்தும் வந்துவிடும், ஆனால் பொதுவாக மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருக்காது. எலி, பறவை, பூஞ்சை ஏதாவது ஒன்று முடித்துவிடும். ஒரு நிலத்தை எப்படி நடத்துகிறோமோ அதற்குத் தக்கபடி இந்த இரண்டு கூட்டத்தில் ஒன்று பெருகும். லிம் சூ காங் கீரைப் பண்ணையானாலும் சரி, அமெரிக்காவின் சோயா வயலானாலும் சரி, இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் வாடகைப் பாத்தியானாலும் சரி.

முதலில் விதையை எடை போடுங்கள்

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். என் மச்சான் சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடையில் வேலை செய்கிறார். கூட்டம் இல்லாத நேரத்தில் அவருடைய தராசில் எத்தனையோ விதைகளை நிறுத்திருக்கிறேன். "தங்கம் நிறுக்கிற தராசுல குப்பையை நிறுக்கிறியே" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார், ஆனால் நிறுத்துக் கொடுத்துவிடுவார். இணையத்தில் விற்கும் சிறிய பாக்கெட் தராசும் போதும். ஒரு விதையை அதில் நிறுக்க முடியாது. நூறோ ஆயிரமோ எண்ணிப் போட்டு வகுத்துக்கொள்ள வேண்டும்.

தராசே இல்லையென்றால் அடுக்களைச் சாமான்களை வைத்து ஒப்பிடலாம். ஊரில் என்றால் கசகசாவில் ஆரம்பித்திருப்பேன். சிங்கப்பூருக்குள் அதைச் சும்மா பையில் போட்டுக் கொண்டுவர முடியாது, போதைப்பொருள் சட்டச் சிக்கல். ஆகவே எள், வெந்தயம், பச்சைப்பயறு மூன்றையும் ஒரு வெள்ளைத் தட்டில் வரிசையாக வையுங்கள். ஆயிரம் எள் ஏறத்தாழ 3 கிராம், வெந்தயம் 15 கிராமுக்கு முன்னே பின்னே, பச்சைப்பயறு 40 கிராமும் அதற்கு மேலும். உங்கள் களை விதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் தோட்டத்துக் களைகளில் பெரும்பாலானவை எள்ளுக்குக் கீழேதான் விழும். பருப்புக்கீரை, அதாவது சிவப்புத் தண்டோடு தரையில் படருமே, சிலர் தரைப்பசலை என்பார்கள், அதில் ஆயிரம் விதை சேர்ந்தால் கிராமில் பத்தில் ஒரு பங்குதான். அம்மான் பச்சரிசியும் கிட்டத்தட்ட அந்த ரகம். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, குப்பைக்கீரை, மணத்தக்காளி, கேழ்வரகுக்கு உறவான அந்த முரட்டுப் புல் (மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்பார்கள்) எல்லாமே ஒரு விதை ஒரு மில்லிகிராமுக்குக் கீழ். எள்ளுக்கு மேலே வருவது கொஞ்சம்தான்: தொட்டாற்சிணுங்கி, சிறுபூனைக்காலி, வேலியோரக் கொடிகள் சில. இந்தக் கணக்கே உங்கள் நிலத்தின் கதையைச் சொல்லிவிடும். அடிக்கடி கிளறி, நான்கைந்து வாரத்தில் அறுவடை செய்து, மறுபடி கிளறும் நிலத்தில் சின்ன விதைக்காரர்களே நிலைப்பார்கள். சீக்கிரம் பூத்து, ஏராளமாக விதைத்து, மிச்சத்தை மண்ணுக்குள் சேமித்து வைக்கும் செடிக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. சாய் சிம், பாயம் போன்ற குறுகிய காலக் கீரைகளைத் தொடர்ந்து போடும் பாத்திகளைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும்.

மண்ணுக்குள் என்ன தூங்குகிறது என்று பார்ப்பது

மேலே தெரியும் களை பாதிதான். மண்ணில் இருப்பதை அறிய இரண்டு தட்டுகள் வேண்டும். பழைய சாப்பாட்டுப் பெட்டி மூடி, விதைத் தட்டு எதுவானாலும் சரி, அடியில் துளை இருக்க வேண்டும். துளை இல்லாத தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், அப்புறம் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவார்கள்.

பாத்தியில் ஐந்தாறு இடங்களிலிருந்து மேல் இரண்டு சென்டிமீட்டர் மண்ணை மட்டும் சுரண்டி ஒரு பையில் போடுங்கள். அதே இடங்களில் பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்து மண்ணை இன்னொரு பையில். தட்டில் தென்னைநார்க் கழிவைப் பரப்பி, அதன்மேல் ஒவ்வொரு மண்ணையும் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாமல் மெல்லியதாக விரியுங்கள். தடித்துவிட்டால் அடியில் இருக்கும் சின்ன விதைக்கு வெளிச்சம் போகாது, சோதனையே வீண். மழை நேரடியாக அடிக்காத, வெளிச்சம் உள்ள தாழ்வாரத்தில் வைத்துத் தெளிப்பானால் நனைத்துவாருங்கள். முளைத்ததை எண்ணிப் பிடுங்கிவிட்டு, இரண்டு வாரம் கழித்து மண்ணைக் கிளறிவிட்டால் இன்னொரு அலை வரும்.

ஆழத்து மண்ணிலிருந்து முளைத்தவற்றைக் கூர்ந்து பாருங்கள். பாத்தியில் அந்தச் செடியை நீங்கள் கண்டதே இல்லை என்றால், அது எப்போதோ யாரோ விட்டுப்போன சேமிப்பு. இந்தச் சேமிப்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் களை விதைகளை மணலோடு கலந்து 20 புட்டிகளில் நிரப்பிப் புதைத்து வைத்தார். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு புட்டியைத் தோண்டி எடுத்து விதைத்துப் பார்ப்பார்கள். 2021-இல், 142 ஆண்டுகள் கழித்து எடுத்த புட்டியிலும் வெர்பாஸ்கம் என்ற செடி முளைத்தது. அதன் விதை தூசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அடுத்த புட்டி 2040-இல். குளிர்ப்பிரதேச மண்ணில் கிடந்த விதை அது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் அத்தனை காலம் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் "ஒரு வருஷம் நல்லாக் களை எடுத்துட்டா முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சின்ன விதைக் கூட்டத்துக்கு: கிளறாதே, மூடு

பருப்புக்கீரையும் கரிசலாங்கண்ணியும் நிறைந்த பாத்தியைக் கொத்திப் புரட்டுவதுதான் நம் கை பழகிய வேலை. அந்தக் கொத்துதான் அவற்றுக்கு அழைப்பு. புரட்டும்போது விதைமேல் ஒரு கணம் வெளிச்சம் பட்டாலே போதும், விதைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி விழித்துக்கொள்ளும். மறுபடி மண் மூடினாலும் சில விதைகள் முளைக்கத் தொடங்கிவிடும். ஜெர்மனியில் இதற்காகவே இருட்டில் உழுது பார்த்தார்கள். சில வயல்களில் களை குறைந்தது, சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. நம் குடியிருப்புப் பேட்டையில் நடுராத்திரி மண்வெட்டியோடு இறங்கினால் பக்கத்து புளோக்கில் ஒருவர்கூடத் தூங்கமாட்டார். அது வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. பாத்தியை ஒரே ஒரு முறை சமன்செய்து, விதைக்கப் போவதுபோலவே தயார் செய்யுங்கள். ஆனால் விதைக்காதீர்கள். தினமும் தண்ணீர் விட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருங்கள். குளிர்கால ஓய்வு என்பதே இல்லாத ஊர் இது, இரவிலும் 25 டிகிரிக்கு அதிகம் இறங்காது. மேல்மண்ணில் தயாராக உள்ளதெல்லாம் பச்சைப் பாசிபோலக் கிளம்பிவிடும். வெயிலடிக்கும் காலையில், களைக்கொட்டைப் படுக்கவைத்து அரை சென்டிமீட்டர் மட்டும் சீவிவிடுங்கள். அதற்குக் கீழே இரும்பு போகவே கூடாது. கீழே போனால் அடுத்த தவணை மேலே வரும். நேரம் இருந்தால் இன்னொரு சுற்று. பிறகு மண்ணைத் தொடாமல், நாற்றுக்கு வேண்டிய குழியை மட்டும் குச்சியால் குத்தி நடுங்கள்.

நட்ட பிறகு மூடாக்கு, அதாவது மண்ணைக் காய்ந்த இலை போன்றவற்றால் மூடுவது. சின்ன விதைக்கு எவ்வளவு மூடினால் போதும் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். பிலிப்பீன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செய்த சோதனைகளில், கரிசலாங்கண்ணி விதை மண்ணின் மேல் கிடந்தபோது நன்றாக முளைத்தது, அரை சென்டிமீட்டர் மண் மூடினாலே முளைக்கவில்லை. பருப்புக்கீரைக்கு இரண்டு சென்டிமீட்டர். காய்ந்த இலை என்றால் மழையில் நைந்து அமுங்கிவிடும், அதனால் ஐந்து சென்டிமீட்டரில் தொடங்கி, குறையக் குறையச் சேர்க்க வேண்டும்.

எதைக் கொண்டு மூடுகிறோம் என்பதும் முக்கியம். தூங்குமூஞ்சி மரத்தின் சின்ன இலைகள் நெருக்கமாகப் படியும், காய்களைப் பொறுக்கி எறிந்துவிட்டால் அருமையான மூடாக்கு. அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்தால் இன்னும் நல்லது. புளோக்குக்கு வெளியே வெட்டிப் போடும் புல்லை மட்டும் அள்ளிக்கொண்டு வராதீர்கள். பூத்த புல்லும் தொட்டாற்சிணுங்கிக் காயும் அதோடு கூடவே வரும். ஈர மூடாக்குக்கு அடியில் ஆப்பிரிக்க நத்தை தங்கும், அதனால் நாற்றின் தண்டைச் சுற்றிக் கையகலம் வெறுமையாக விடுங்கள். நத்தையை வெறுங்கையால் எடுக்க வேண்டாம், அதில் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம்.

இன்னொன்று, மழை. பலத்த மழை பாத்தியில் ஓடும்போது லேசான விதைகளை அடித்துக்கொண்டு போய்த் தாழ்வான மூலையில் சேர்க்கும். உங்கள் பாத்தியில் ஒரு மூலை மட்டும் எப்போதும் பச்சையாக இருந்தால் அந்த மூலையின் சரிவைப் பாருங்கள். அங்கே மூடாக்கை இரட்டிப்பாக்கினால் வேலை பாதியாகும்.

பெரிய விதைக் கூட்டத்துக்கு: எண்ணி எடு

மூடாக்குப் போட்ட சில மாதங்களில் களை குறையும். பிறகு வேறு ஆட்கள் வருவார்கள். நிறையப் பேர் இங்கேதான் "மூடாக்கு வேலைக்கு ஆகாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது தன் வேலையைச் செய்துவிட்டது. எள்ளுக்குக் கீழே உள்ளவர்களை அமுக்கிவிட்டு, அவர்கள் இருந்த இடத்தை மேலே உள்ளவர்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. இலையடுக்கைத் துளைத்துக்கொண்டு வருவது சிறுபூனைக்காலி, பறவை போட்டுச் சென்ற கொடிகள், நாம் உரக்குழியில் எறிந்த பாகற்காய், பறங்கிக்காய்.

பெரிய வயல்களில் இதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. உழாமல் விதைக்கும் முறைக்கு மாறிய அமெரிக்க வயல்களில், காற்றில் பறந்து வரும் மிகச் சின்ன விதையுள்ள ஹார்ஸ்வீட் என்ற களை பெரும் தொல்லையானது. உழுதால் அது புதைந்து போயிருக்கும். உழாமல் விட்டால் விதை மண்ணின் மேலேயே கிடக்கும். தரை வெறுமையாக இருந்தால் சின்ன விதைக்குக் கொண்டாட்டம், தரை மூடியிருந்தால் பெரிய விதைக்கு. ஆகவே கிளறுவதா வேண்டாமா என்பதை மட்டும் முடிவு செய்தால் போதாது, மேலே என்ன மூடியிருக்கிறது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பெரிய விதைக் களை எண்ணிக்கையில் குறைவு. ஒரு செடி பருப்புக்கீரை ஒரு லட்சத்துக்கும் மேல் விதை போடக்கூடியது, இவற்றால் அப்படி முடியாது. அதனால் ஒவ்வொன்றாகக் கையால் எடுப்பது இங்கே உண்மையிலேயே பலன் தரும். மழை பெய்த மறுநாள், முதல் இரண்டு உண்மையான இலை வரும்போது, வேரோடு இழுத்துவிடுங்கள். பூக்க விடவே கூடாது. அப்படியும் விதை கொட்டிவிட்டால், அன்றைக்கு மண்ணைக் கிளறாதீர்கள். மேலே கிடக்கும் விதையை எறும்பு, புறா, சில்லைக் குருவி எல்லாம் பார்த்துக்கொள்ளும். கிளறினால் நாமே விதையை ஒளித்து வைத்துக் காப்பாற்றியதாக ஆகும்.

தொட்டாற்சிணுங்கிக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. விதை எள்ளைவிடப் பெரிது, ஆயிரம் விதை 6 கிராம் அளவுக்கு வரும், ஆனால் தோல் கெட்டி. தண்ணீரே உள்ளே போகாது. அதனால் பெரிய விதையாக இருந்தும் சின்ன விதைபோலப் பல ஆண்டு காத்திருக்கும். அவரைக் குடும்பத்துக் களைகள் பலவும் இப்படித்தான். கோரை இதைவிட மோசம், அது விதையை நம்பியே இல்லை. மண்ணுக்கடியில் கிழங்கு வைத்து வாழும் செடிக்கு விதையின் அளவைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், வேறு வழி இல்லை.

பயிரைக் களைக்கு எதிராக நிறுத்துவது

என்னைக் கேட்டால் இந்த முறையில் பெரிய லாபம் இங்கேதான். உங்கள் பயிரின் விதை உங்கள் களையின் விதையைவிட எவ்வளவு பெரியதோ, அவ்வளவு வசதி உங்களுக்கு. வெண்டை விதை ஆயிரம் 55 கிராம் பக்கம் வரும். கங்கோங் கீரை விதை 40 கிராம். காராமணி அதற்கும் மேல். இவற்றை இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே மூடாக்கும் போடலாம். வெண்டை தள்ளிக்கொண்டு வரும், கரிசலாங்கண்ணியும் பருப்புக்கீரையும் கீழேயே தங்கிவிடும். சின்ன விதைக் களை மண்டிய புதுப் பாத்தி கிடைத்தால் முதல் போகத்துக்கு நான் கீரை பக்கமே போகச் சொல்லமாட்டேன். வெண்டையோ காராமணியோ போடுங்கள்.

தண்டுக்கீரை, பாயம் இரண்டும் தலைவலி. ஆயிரம் விதை முக்கால் கிராம் போலத்தான் இருக்கும். குப்பைக்கீரையோ இவற்றின் சொந்தக்காரன், விதையும் கிட்டத்தட்ட அதே அளவு, முளையும் முதலில் அதே தோற்றம். களையை அமுக்கும் எதுவும் பயிரையும் அமுக்கும். இவற்றை நேரடியாகத் தூவுவதை விட்டு, தட்டில் நாற்று விட்டு நடுங்கள். நாற்றுக்கு ஏற்கெனவே வேரும் இலையும் இருப்பதால், அளவில் நாமே அதைப் பெரியவனாக்கி இறக்குகிறோம்.

விதைப் பொட்டலத்திலேயே களை வருவதும் இதே அளவுப் பிரச்சினைதான். தூற்றுவதும் புடைப்பதும் சலிப்பதும் எடையையும் பருமனையும் வைத்துத்தான் பிரிக்கின்றன. பயிர் விதைபோலவே இருக்கும் களை விதை மட்டும் முறத்தில் தங்கிவிடும், மறுபடி வயலுக்கே போகும். ஆண்டாண்டாக இப்படி நடந்து, பயிர் விதையின் அளவுக்கே தன் விதையைக் கொண்டுவந்த களைகள் உண்டு. ஆளி வயல்களில் வளரும் கேமலினாவின் ஒரு வகை அதற்குப் பேர்போனது. ரஷ்ய விஞ்ஞானி நிக்கொலாய் வவிலோவ், கோதுமை வயலில் களையாக இருந்த ரை என்ற தானியம் பின்னர் தானே ஒரு பயிராக உயர்ந்தது என்று விளக்கினார். தேக்காவில் வாங்கினாலும், ஊரிலிருந்து உறவினர் தந்தாலும், கீரை விதையை வெள்ளைத் தாளில் கொட்டி ஒருமுறை பாருங்கள். பளபளப்பிலோ நிறத்திலோ வேறுபடும் மணிகள் தெரிந்தால் ஈரத் தீக்குச்சி முனையால் ஒற்றி எடுத்துவிடலாம். கொஞ்சம் விதைதானே, சீரியல் ஒன்று பார்க்கும் நேரம்.

பிடுங்கியதை எங்கே போடுவது

விதை வராத களை பாத்தியிலேயே காயட்டும், அதுவும் மூடாக்குதான். பருப்புக்கீரை மட்டும் விதிவிலக்கு. ஈர மண்ணில் போட்டால் தண்டு மறுபடி வேர்விடும், பிடுங்கிய பிறகும் காய் முற்றும். அதைச் சிமெண்டுத் தரையில் வெயிலில் போட்டுக் கருக வையுங்கள். கொழுந்தாக இருந்தால் பருப்போடு சேர்த்துக் கடைந்து சாப்பிடுங்கள், நல்ல புளிப்பு.

விதை முற்றியதை உரத்தொட்டியில் போடுவதற்கு முன் தொட்டியின் சூட்டைக் கவனியுங்கள். குவியலின் உள்ளே 55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால், கிளறிக் கிளறி எல்லாப் பக்கமும் அந்தச் சூடு பட்டால், பெரும்பாலான களை விதை சாகும். தாழ்வாரத்தில் வைத்திருக்கும் சின்ன வாளியும் சமையலறைக் கழிவை மூடி நொதிக்க வைக்கும் பொகாஷி டப்பாவும் அந்தச் சூட்டுக்கு வராது. தொட்டாற்சிணுங்கி போன்ற கெட்டித்தோல் விதைக்குச் சூடான குவியலிலும் உத்தரவாதம் இல்லை. அவற்றைப் பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். காய்ந்த காயாக இருந்தால் பிடுங்குவதற்கு முன்பே பையைச் செடியின்மேல் கவிழ்த்துக்கொண்டு, அப்புறம் அடியில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் பாதி விதை பை வாய்க்கு வருவதற்குள் கொட்டிப்போகும்.